மறைவில் ஏந்தும் கைத்துப்பாக்கியும் இளையோர் பொறுப்பும்

1824ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் புதிதாகத் தொடங்கப்படவிருந்த பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை கூடி, மாணவர்க்குரிய ஒழுங்குவிதிகளை வகுத்தது. பல்கலைக்கழக எல்லைக்குள் மாணவர் எவரும் எவ்வகை ஆயுதத்தையும் வைத்திருத்தலோ பயன்படுத்தலோ ஆகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. மதுவிலக்கு விதியோடு ஒட்டியே இவ்விதியும் வந்தது. சபைக்குத் தலைமை தாங்கியவர் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன். உறுப்பினருள் ஒருவர் ஜேம்ஸ் மடிசன். ஆயுதம் வைத்திருப்பதற்கும் தாங்குவதற்கும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறும் அமெரிக்க அரசியல் யாப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நிறைவேறியது; அதனை ஆக்கியதில் முதற்பங்கு இம்மடிசனுக்கே உரியது. விதி இருந்தும் மாணவர் பலர் துப்பாக்கி வைத்திருந்தனர். 1840ஆம் ஆண்டு நவம்பரில், முகமூடியணிந்து ஆரவாரஞ் செய்த மாணவருள் ஒருவனை இனங்காண முயன்ற சட்டப் பேராசிரியர் ஜோன் டேவிஸ், அம்மாணவனின் கைத்துப்பாக்கிக்கு இரையானார்.

இரண்டாம் திருத்தத்தின் ஆசிரியரே மாணவர் கையில் ஆயுதம் இருத்தலாகாதெனக் கருதியமை முரண்பாடன்று. உரிமை என்பது ஒன்று. அதனை எவ்வயதில், எவ்விடத்தில், எவர் கண்காணிப்பில் பயன்படுத்துவது என்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு இரு நூற்றாண்டுகளாக இடம்பெயர்ந்து வந்துள்ளது. அமெரிக்க இளைஞரும் யுவதியரும் தம் அன்றாட வாழ்விலே ஆடைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்திச் செல்லும் வழக்கத்தையும், அதனைச் சூழ்ந்த சட்டத்தையும், 'பொறுப்புடன் ஏந்துதல்' என அவர்கள் கூறுவது யாது என்பதையும் விளக்க முற்படுவதே இக்கட்டுரை. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பெருவழக்கிலே தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. அப்பொறுப்பு முன்னர் யாரிடம் இருந்தது, இப்பொழுது யாரிடம் வந்து சேர்ந்துள்ளது என்பதே எம்முன் உள்ள வினா.

ஆயுதத்தை மறைத்து ஏந்துதல் இன்று அந்நாட்டிலே நாகரிகமான முறையாகக் கருதப்படுகின்றது. இடுப்பிலே வெளிப்படத் தொங்கவிட்டுச் செல்பவரைக் கண்டால் கடைக்கு வந்தவர்கள் அஞ்சுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைமை நேர்மாறானது. வெளிப்பட ஏந்துபவனே நேர்மையாளன். மறைத்து ஏந்துபவன் கோழை, அல்லது பதுங்கிக் கொல்ல எண்ணியவன் என்பது அக்காலத்துக் கருத்து. 1813இல் கென்ரக்கி, லூயிசியானா ஆகிய இரு மாநிலங்களும் மறைவாயுதத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றின. கென்ரக்கி நீதிமன்றம் 1822இல் அம்மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. மக்களோ பின்னர்த் தம் மாநில யாப்பையே மாற்றி, மறைவாயுதத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சட்டசபைக்கு வழங்கினர். துப்பாக்கிக்குப் பேர்போனதென நாம் எண்ணும் ரெக்சாஸ் மாநிலமே 1871இல் கைத்துப்பாக்கி ஏந்துவதைப் பெரும்பாலும் தடைசெய்தது. அத்தடை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இருபதாம் நூற்றாண்டிலே அனுமதிப்பத்திர முறை பரவலாயிற்று. நியூயோர்க் மாநிலத்தின் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணமாகும். இம்முறையில் அனுமதி வழங்குவதும் மறுப்பதும் உள்ளூர் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தவை. அவ்விருப்பம் எவ்வாறு செயற்பட்டது என்பதை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 1956ஆம் ஆண்டு சனவரி 30ஆம் திகதி, அலபாமா மாநிலத்து மொன்கொமறி நகரிலே, பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய இளம் போதகர் ஒருவரின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அதன்பின் அவர் மறைவில் ஆயுதம் ஏந்துவதற்கு அனுமதி கோரினார், மறுக்கப்பட்டது. அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது 27. பெயர் மார்ட்டின் லூதர் கிங். பின்னர் அவர் வீட்டிலிருந்த துப்பாக்கிகளையும் விலக்கி அகிம்சை வழியை வரித்துக்கொண்டார் என்பது வேறு கதை. குண்டு வீசப்பட்ட ஒருவருக்கே தேவை இல்லையென அதிகாரி கூறக்கூடிய முறையொன்று நெடுங்காலம் நியாயமானதென நிலைத்திருக்க முடியாது. மறைவில் ஏந்தும் உரிமையை விரிவாக்க வேண்டுமென வாதிட்டோரின் கட்சியிலே நீதியின் அம்சமொன்றும் இருந்தது என்பதை, அவர்தம் முடிவை ஏற்காதவரும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

திருப்பம் 1987இல் புளோரிடாவில் நேர்ந்தது. சட்டத்திலே 'வழங்கலாம்' என்றிருக்கும் சொல் 'வழங்க வேண்டும்' என மாறுமாயின் விளைவு எத்துணைப் பெரிது! குற்றப்பதிவு இல்லாதவர், 21 வயது நிரம்பியவர், பயிற்சி பெற்றவர் என்ற தகைமைகள் பொருந்தியிருந்தால் அதிகாரி மறுக்க இயலாது என்பதே புளோரிடாச் சட்டத்தின் சாரம். அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் இதனைப் பின்பற்றின. 1991 ஒக்ரோபர் 16ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்துக் கிலீன் நகர உணவுச்சாலையொன்றில் ஒருவன் புகுந்து 23 பேரைச் சுட்டுக்கொன்றான். அங்கு பெற்றோரை இழந்த சுசானா ஹப் என்பவர், சட்டத்திற்கு அஞ்சித் தம் ரிவோல்வரைக் காரிலே விட்டுவிட்டு வந்திருந்தார். அது தம் கைப்பையில் இருந்திருக்குமாயின் என்ற அவரது கேள்வி நாடெங்கும் ஒலித்தது. 1995இல் ரெக்சாஸ் அனுமதிப்பத்திர முறையை ஏற்றது. ஹப் மறு ஆண்டு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார்.

அதன்பின் வந்த மாற்றமே எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. வேர்மொன்ற் மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் என்ற முறையே இருந்ததில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் அவ்வழியைப் பின்பற்றின. 2024ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்களில், சட்டத்தால் விலக்கப்படாத வயதுவந்தோர் எவ்விதப் பத்திரமும் இன்றிக் கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்தலாம் என்றாயிற்று. 2022 யூன் மாதத்திலே, தனித்த காரணம் காட்டவேண்டும் என்ற நியூயோர்க்கின் பழைய நிபந்தனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பொதுவிடத்தில் ஆயுதம் தாங்குதல் யாப்பு வழங்கிய உரிமை என்றும், அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

வரலாற்று மரபை அளவுகோலாக்கியவுடனே வயது பற்றிய வினா எழுந்தது. பதினெட்டு வயதினர் அம்மரபில் யார்? 1792ஆம் ஆண்டின் மக்கட்படைச் சட்டம் 18 வயது முதல் 45 வயதுக்குட்பட்ட உடல்வலியுள்ள வெள்ளையின ஆண்கள் தாமே துப்பாக்கி தேடிக்கொண்டு படையிற் சேரவேண்டுமெனப் பணித்தது. இதனைக் காட்டி, பதினெட்டு வயதினர் அன்றே ஆயுதந்தாங்கிய மக்களுள் அடங்கினர் என்பர் ஒருசாரார். மறுசாரார் கூற்று வேறு: அக்காலப் பொதுச்சட்டத்தில் 21 வயதுவரை ஒருவர் இளவர், தனித்து ஒப்பந்தஞ் செய்யவும் இயலாதவர், படையில் அவர் ஏந்தியது தந்தையினதும் படைத்தலைவனதும் கண்காணிப்பில். அலபாமா, ரெனசி ஆகிய மாநிலங்கள் 1856இலேயே இளவர்க்குக் கைத்துப்பாக்கி விற்பதைத் தடைசெய்தமையையும் இவர்கள் எடுத்துக்காட்டுவர். வாக்குரிமை வயதை 18ஆகக் குறைத்த இருபத்தாறாம் திருத்தம் 1971இல் வந்தமையால், வாக்களிக்கவும் போரிற் சாகவும் தகுதியுடையவருக்குத் தற்காப்புக்கு மட்டும் தகுதியில்லையா என்ற கேள்வியும் வலுப்பெற்றது.

நீதிமன்றங்கள் பிளவுபட்டே நின்றன. 2024 யூலையில் எட்டாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், ஏந்துவதற்கான அனுமதிக்கு 21 வயது வேண்டுமென்ற மினசோற்றாச் சட்டத்தை நீக்கியது. 2025 சனவரியில் ஐந்தாம் வட்டார நீதிமன்றம், 21 வயதுக்குட்பட்டோர்க்குக் கைத்துப்பாக்கி விற்பதிலிருந்து அனுமதிபெற்ற வணிகரைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்பகுதியை யாப்புக்கு முரணானதென்றது. அதே ஆண்டு மார்ச்சில் பதினோராம் வட்டார நீதிமன்றமோ, 2018இல் பார்க்லண்ட் பாடசாலைப் படுகொலையின்பின் புளோரிடா இயற்றிய, துப்பாக்கி வாங்குவோர்க்கான 21 வயது விதியை நிலைநிறுத்தியது. யூன் மாதத்தில் நான்காம் வட்டார நீதிமன்றம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சரியென்றது. ஒரே யாப்பு, ஒரே வரலாறு; வாழும் மாநிலத்தைப் பொறுத்துப் பத்தொன்பது வயதினன் உரிமையாளனாகவும் குற்றவாளியாகவும் ஆகலாம். இதனினும் விசித்திரமானது மற்றொன்று. கூட்டாட்சிச் சட்டப்படி 18 வயதினர் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமன்று. கடையில் வாங்குவதே தடை. தந்தை பரிசளிக்கலாம், தனியாரிடம் பெறலாம். ஆகவே, வாங்குவோரின் குற்றப்பதிவைச் சரிபார்க்கும் கடைக்காரரையும், பயன்பாட்டை விளக்கக்கூடிய அவர்தம் அனுபவத்தையும் தவிர்த்தே இவ்வயதினர் பலர் ஆயுதத்தைப் பெறுகின்றனர்.

பல்கலைக்கழகங்களும் இவ்வலையிற் சிக்கின. 1966 ஓகஸ்ற் 1ஆம் திகதி ரெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து முன்னாட் படைவீரனான மாணவன் ஒருவன் கீழே சென்றோரைச் சுட்டான். அதே திகதியில், சரியாக ஐம்பதாண்டு கழிந்த 2016இல், அம்மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுள் அனுமதிபெற்றோர் மறைவில் ஏந்தலாமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. வகுப்பறையில் விவாதம் அச்சத்தால் ஒடுங்குமென முறையிட்டு மூன்று பேராசிரியைகள் வழக்குத் தொடுத்தனர், வெற்றி பெறவில்லை. எனினும் அனுமதிக்கு 21 வயது வேண்டியிருந்தமையால், கீழ்வகுப்பு மாணவருட் பெரும்பாலோர் அச்சட்டத்தின் பயனுக்குப் புறம்பாகவே இருந்தனர்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்றுண்டு. முற்காலத்தில் 'இவன் ஏந்தத் தக்கவனா' என்ற வினாவை அதிகாரி கேட்டார். பின்னர் அனுமதிப்பத்திரத்திற்கான வகுப்பும் குறிபார்த்துச் சுடும் சோதனையும் கேட்டன. வயதெல்லையும் தன் பங்குக்குக் கேட்டது. இவை ஒவ்வொன்றாக அகன்ற மாநிலங்களிலே அவ்வினாவைக் கேட்க எஞ்சியிருப்பவர் ஏந்துபவர் ஒருவரே. சட்டம் இறக்கிவைத்த பாரம் இளையோரின் தோளில் ஏறியுள்ளது. இப்பாரம் நாள்தோறும் எவ்வடிவம் பெறுகின்றது என்பதை அறிய, பொருளின் இயல்பை ஓரளவு நோக்குதல் அவசியமாகும்.

கைத்துப்பாக்கி ஏந்தும் இளைஞனின் நாளிலே ஆபத்து மிக்க கணம், கள்வன் எதிர்ப்படும் கணமன்று. காலையில் அதனை இடுப்பிற் செருகும் கணமும் இரவில் கழற்றும் கணமுமாகும். துப்பாக்கி தானாக வெடிப்பது மிக அரிது. விசை பின்னோக்கி அழுத்தப்படுவதாலேயே பெரும்பாலும் வெடிக்கின்றது. அதனை அழுத்துவது விரலாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சட்டையின் மடிப்பு, இறுக்குக் கயிற்றின் முனை, பையிலுள்ள பேனா யாவும் போதும். ஆதலால் விசையை முற்றாக மூடும் விறைப்பான உறையே பொறுப்பின் முதற்படி. அவ்வுறை இடுப்புவாரோடு அசையாது பொருந்தவேண்டும். ஆயுதத்தை எடுத்தபின்னும் வாய் மூடாது நிற்கவேண்டும். மீண்டும் செருகும்போது கண்ணாற் பார்த்து, விரலை வெளியே நீட்டி, மெதுவாகச் செருகவேண்டும். நியூயோர்க் கால்பந்தாட்ட அணியின் புகழ்பெற்ற வீரர் பிளாக்சிகோ பரஸ் 2008 நவம்பரில் இரவுக் களியாட்ட விடுதியொன்றுக்கு உறையின்றித் துப்பாக்கியைக் காற்சட்டை இடுப்பிற் செருகிச் சென்றார். அது நழுவிற்று. பிடிக்க முயன்றபோது வெடித்துத் தொடையைத் துளைத்தது. நியூயோர்க்கில் அவருக்கு அனுமதியும் இருக்கவில்லை. இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஐடஹோ மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில், வளாகத்தில் ஏந்தலாமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங் கழிந்த 2014 செப்ரெம்பரில், வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரொருவரின் காற்சட்டைப் பையிலிருந்த துப்பாக்கி வெடித்து அவர் பாதத்தையே காயப்படுத்தியது. அனுமதிப்பத்திரம் அவரிடம் இருந்தது, உறைதான் இருக்கவில்லை.

இரண்டாவது அறியாமை ரவைக்கூடு பற்றியது. கைப்பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டதெனப் புதியோர் எண்ணுவர். குழலின் அடியிலே ஏற்கனவே ஏறிவிட்ட ஒரு ரவை அங்கேயே இருக்கும். பெரும்பாலான வகைகளில் அது வெடிக்கவும் செய்யும். தோழனுக்குக் காட்டும்போதும் துடைக்கும்போதும் நேர்ந்த எத்தனையோ மரணங்களின் பின்னால் இவ்வொரு ரவையே இருந்திருக்கின்றது. கடற்படைத் தரைப்பிரிவில் அதிகாரியாயிருந்து பின்னர் அரிசோனாவில் 1976இல் பயிற்சிக்கூடம் நிறுவிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை அந்நாட்டுப் பயிற்சியாளர் யாவரும் ஓதுவர். எத்துப்பாக்கியையும் நிறைந்ததெனவே கொள்ளவேண்டும்; அழிக்க விரும்பாததன் மீது அதன் வாய் திரும்பலாகாது; குறிபார்க்கும்வரை விரல் விசையைத் தொடலாகாது; இலக்கையும் இலக்கின் பின்னால் இருப்பதையும் அறியாது சுடலாகாது. இவற்றிலே ஒன்றை மீறினாலும் மற்றையவை உயிரைக் காக்கும் வகையில் இவை ஒன்றோடொன்று பின்னப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது.

உடலை விட்டு விலகிய ஆயுதம் உடையவரது ஆட்சியையும் விட்டு விலகுகின்றது. 2014 டிசெம்பர் 30ஆம் திகதி ஐடஹோவில், கடையொன்றில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த 29 வயதுத் தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தையின் கை சென்றது. தாய் அவ்விடத்திலேயே இறந்தார். அவர் அனுமதிபெற்றவர், ஆயுதத்திற் பழகியவர். மலகூடத்தில் கழற்றிவைத்து மறந்துவருதல், படுக்கையருகே இழுப்பறையில் விடுதல், காரில் விட்டுச்செல்லுதல் ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. காரைப் பற்றி ஒரு சிக்கல் உண்டு. பாடசாலை, நீதிமன்றம், மதுச்சாலை முதலிய இடங்களிற் பல மாநிலங்கள் ஏந்துதலைத் தடைசெய்கின்றன. சட்டத்தை மதிக்கும் இளைஞன் அங்கு செல்லும்போது துப்பாக்கியைக் காரிலே விட்டுச் செல்வான். திருடப்படும் துப்பாக்கிகளிற் பெரும்பங்கு கார்களிலிருந்தே திருடப்படுகின்றது. சட்டத்திற்குப் பணிந்த செயலே கள்வனுக்கு ஆயுதம் வழங்கும் செயலாகிவிடாதிருக்க, காருக்குள் பூட்டிப் பிணைத்த இரும்புப் பேழை வேண்டும். அதற்குச் செலவிட மாணவன் எவ்வளவு தூரம் முன்வருவான் என்பது வேறு விடயம்.

மதுவோடு ஆயுதம் சேரலாகாதென்பதை விளக்கத் தேவையில்லை. ஆயின் ஏந்துபவன் சிறு சண்டைக்கும் தகுதியிழந்தவன் என்பதை இளையோர் எளிதில் உணர்வதில்லை. தெருவில் ஒருவன் ஏசினால் திருப்பி ஏசலாம், தள்ளினால் தள்ளலாம் என்ற சுதந்திரம் ஆயுதமற்றவனுக்கே உண்டு. ஏந்துபவன் தொடங்கும் எச்சண்டையிலும் ஒரு துப்பாக்கி இருக்கின்றது, அது அவனுடையது. புளோரிடா 2005இல் இயற்றிய சட்டமும் அதனைப் பின்பற்றிய பல மாநிலச் சட்டங்களும், தாக்கப்பட்டவர் பின்வாங்கவேண்டிய கடமையை நீக்கின. ஆனால் நற்பயிற்சியாளர் கூறும் அறிவுரை அச்சட்டத்திற்கு நேரெதிரானது: ஓட முடியுமாயின் ஓடு.

அரிதாக அந்நாள் வந்தே விடுகின்றது. 2022 யூலை 17ஆம் திகதி இந்தியானா மாநிலத்துக் கிறீன்வூட் அங்காடியில் ஒருவன் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்து மூவரைக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர் தம் கைத்துப்பாக்கியால் பத்து முறை சுட்டார். எட்டு இலக்கில் தைத்தன. பதினைந்து விநாடிகளுள் யாவும் முடிந்தன. அனுமதிப்பத்திரமின்றி ஏந்தலாமென்ற சட்டம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. அங்காடியின் விதியோ உள்ளே ஆயுதம் கூடாதென்பது. விதியை மீறியவரால் உயிர்கள் தப்பின என்பதை மறுக்க இயலாது. இன்னொரு நாளையும் இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். 2018 நவம்பர் 22ஆம் திகதி இரவு அலபாமாவின் ஹூவர் நகர அங்காடியில் வெடிச்சத்தம் கேட்டது. அனுமதிபெற்ற 21 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் தம் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். சில விநாடிகளில் பொலிஸ் அதிகாரியொருவர் அவரைப் பின்புறமாகச் சுட்டுக்கொன்றார். சுட்டவன் அவரே என முதலிற் கூறிய பொலிசார் பின்னர் அக்கூற்றை மீளப்பெற்றனர். ஆயுதந்தாங்கிய நல்லவனையும் தீயவனையும் வேறுபடுத்தும் அடையாளம் எதுவும் நெற்றியில் எழுதப்படுவதில்லை. ஐந்து விநாடிக்குள் பிறர் வாசிப்பது கையிலுள்ள ஆயுதத்தையும், அந்நாட்டிலே தோலின் நிறத்தையுமாகும். 2016 யூலையில் மினசோற்றாவில் வாகனத்தை நிறுத்திய அதிகாரியிடம், தம்மிடம் துப்பாக்கி உண்டென முறைப்படி அறிவித்த பிலாண்டோ கஸ்ரீல் என்ற அனுமதிபெற்ற கறுப்பினத்தவரும் அவ்விடத்திலேயே சுடப்பட்டார். அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார். 'நிறுத்தப்பட்டால் கைகளை வெளிப்பட வை, மெதுவாகச் சொல், சொல்லாமல் அசையாதே' என்று பயிற்சி நூல்கள் கூறும் பாடம் எல்லோரையும் சமமாகக் காப்பதில்லை.

இதுவரை கூறியன யாவும் பிறரோடு தொடர்புடையவை. இளையோரைப் பொறுத்தவரை மிகப் பெரிய ஆபத்து அங்கில்லை. 2021ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தனர். அவர்களுள் 26,328 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கள்வனுக்கெனப் பெற்ற ஆயுதம் உடையவரின் கையாலேயே உடையவரை நோக்கித் திரும்புகின்றது. இதிலே இரு உண்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஹூஸ்ரன் நகரில், சாவை நெருங்கி உயிர்தப்பிய 13 முதல் 34 வயதினரை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்று, அவர்களிற் கால்பங்கினர்க்கு முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடமேனும் செல்லவில்லை எனக் கண்டது. உயிர்தப்பியோரிற் பத்தில் ஒன்பது பேர் பின்னர் இவ்வழியில் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகள் காட்டும் உண்மை. எனவே அந்தச் சில நிமிடங்களைக் கடப்பித்துவிட்டால் ஒரு வாழ்நாள் மீளக்கூடும். துப்பாக்கியோ அந்நிமிடங்களைத் தருவதில்லை. அதனால் முயன்றோரிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இறக்கின்றனர்.

பதினெட்டு, பத்தொன்பது வயதிலே இதன் பாரம் கூடுகின்றது. வீட்டை விட்டு விலகுதல், தேர்விற் தோல்வி, காதல் முறிவு, தனிமை யாவும் சேர்ந்து வரும் பருவம் அது. மனநோய்களிற் பல முதன்முதல் தலைகாட்டுவதும் அப்பருவத்திலேதான். இவ்வயதினர் பற்றிய தெளிவான சான்று அமெரிக்காவிலிருந்து அன்றி இஸ்ரவேலிலிருந்து கிடைத்துள்ளது. அங்கு கட்டாய சேவையிலுள்ள போர்வீரர் பெரும்பாலும் 18 முதல் 21 வயதினர். வார இறுதியில் துப்பாக்கியோடு வீடு திரும்புவது வழக்கம். 2006இல் படைத்தலைமை, வீடு செல்வோர் ஆயுதத்தைப் பாசறையிலேயே விட்டுச்செல்லுமாறு பணித்தது. வீரர் மாறவில்லை, அவர்தம் துயரங்களும் மாறவில்லை. ஆயினும் தற்கொலை ஏறத்தாழ 40 வீதத்தால் வீழ்ந்தது; வார இறுதியில் துப்பாக்கியால் நேர்ந்த இறப்புகள் குறைந்தமையே அதற்குக் காரணம். வாரநாட்களிற் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, ஆயுதத்திற்கும் கைக்கும் இடையே வைக்கப்பட்ட தூரமே உயிர்காத்தது. மறைவில் ஏந்துதலோ அத்தூரத்தை முற்றாக இல்லாமற் செய்யும் பழக்கம்: ஆயுதம் எந்நேரமும் உடலோடு, நிறைந்த நிலையில். தற்காப்புக்கு அதனைப் பயனுடையதாக்கும் அதே பண்பே துயரப்பொழுதில் அதனைக் கொடியதாக்குகின்றது. எந்த உறையும் எந்தப் பயிற்சியும் இம்முரணை நீக்கா என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இதனை முதலில் உணர்ந்தோருள் துப்பாக்கி வணிகரும் இருந்தமை குறிப்பிடத்தக்கது. 2009இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில் ஒரே வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூவர், ஒருவரையொருவர் அறியாதவர், வாங்கிய சில மணி நேரத்துள் தம் உயிரை மாய்த்தனர். மனம் நொந்த கடைக்காரர் பொதுச் சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தார். துயரின் அறிகுறி தோன்றும் வாடிக்கையாளருக்கு விற்காதிருத்தல், நண்பன் மனமுடைந்திருக்கும் காலத்தில் அவன் ஆயுதத்தை வாங்கி வைத்திருத்தல் என்பன அதன் கூறுகள். 'இன்று நீ மது அருந்தியிருக்கிறாய், திறப்பைத் தா' என வாகனத்திற்குக் கூறும் வழக்கத்தைத் துப்பாக்கிக்கும் கொண்டுவருதலே நோக்கம். துப்பாக்கியை வெறுப்போர் சொன்னாற் கேளாத செவிகள், அதனை விரும்பும் நண்பன் சொன்னாற் கேட்கும் என்பது இதன் அடிப்படை. ஆனால் நண்பனின் ஆயுதத்தைச் சில நாள் வாங்கி வைத்திருப்பதையே கைமாற்றம் எனக் கொண்டு பரிசோதனை வேண்டும் மாநிலங்களும் உள. உதவவந்தவனே குற்றவாளியாகும் அச்சம் அங்கே உண்டு.

வாஷிங்ரன், வேர்ஜீனியா, யூற்றா ஆகிய மாநிலங்கள் 2018க்குப் பின் மற்றொரு வழியையும் திறந்தன. துயரம் தம்மை மீறக்கூடும் என அஞ்சும் ஒருவர், தெளிந்த மனத்தோடிருக்கும் வேளையில், தமக்குத் துப்பாக்கி விற்கலாகாதென்ற பட்டியலிலே தம் பெயரைத் தாமே பதிந்துகொள்ளலாம். விரும்பும்போது, குறித்த காலங் கழிந்தபின், நீக்கிக்கொள்ளலாம். பதிந்தோர் மிகச் சிலரே.